கையலைகளும் கல்லாப்பெட்டியும்: டெபெஷ் மோட் குழுவின் ‘101’

டெபெஷ் மோட் குழுவின் சுற்றுப்பயணக் கணக்குகளைக் கவனித்துவந்த ஜோனதன் கெஸ்லர், 1988 ஜூன் 18ஆம் தேதி இரவு, கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் உள்ள ரோஸ் பவுல் மைதானத்தில், கேமராவின் முன்னால் இரண்டு எண்களைச் சொல்கிறார். பணம் கொடுத்து உள்ளே வந்தவர்கள் 60,453 பேர். வசூலான தொகை 13,60,192 டாலர் 50 சென்ட். அந்த ஐம்பது சென்ட்டையும் விட்டுவிடாமல் சொல்லி முடித்த பிறகு, ஏராளமான பணம், எக்கச்சக்கமான பணம் என்று அவர் வாய் ஓயாமல் சொல்லும்போது, எதிர்பார்த்ததைவிட நல்ல விலைக்கு மகசூலை விற்றுவிட்டு மண்டியிலிருந்து திரும்புகிறவரின் மகிழ்ச்சி அவர் குரலில் தெரிகிறது. தன்னைப் பற்றிய ஒரு படத்தில் இப்படியொரு காட்சி இடம்பெறுவதை ஓர் இசைக்குழு தடுக்காமல் விட்டது என்பதே, ‘101’ என்னும் இந்தக் கச்சேரி ஆவணப்படத்தின் மேல் எனக்கு முதன்முதலில் மதிப்பு உண்டாகக் காரணமாக இருந்தது.

இந்தப் படத்தை முதலில் 2003இல் வெளிவந்த டிவிடி வட்டில்தான் பார்த்தேன். அதன் மூலப் படச்சுருளைப் புதுப்பித்து 2021இல் ப்ளூ-ரே வட்டாக வெளியிட்டார்கள். அதை அண்மையில் வாங்கி, இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தேன். இந்த மதிப்புரை அந்தப் பதிப்பைப் பற்றியது. ஆனாலும் வட்டின் தரத்தைவிடப் படத்தைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

குழுவை அறியாதவர்களுக்குச் சில செய்திகள். லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் வட்டாரத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் புதிதாக உருவாக்கப்பட்ட பாசில்டன் என்னும் நகரில், 1980இல் தொடங்கப்பட்டது டெபெஷ் மோட். ஒரு பிரெஞ்சு நவநாகரிக இதழின் பெயரைப் பார்த்துத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். முதல் தொகுப்பு 1981இல் வந்ததும், அதன் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய வின்ஸ் கிளார்க் விலகிவிட, எழுதும் பொறுப்பு மார்ட்டின் கோர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆலன் வைல்டர் சேர்ந்தார். பாடகர் டேவ் கஹான், ஆண்டி ஃபிளெட்சர், கோர், வைல்டர் ஆகிய இந்த நால்வரைத்தான் படத்தில் காண்கிறோம். டேனியல் மில்லர் என்பவர் நடத்திவந்த மியூட் என்னும் சிறிய நிறுவனம் இவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டது. பல ஆண்டுகள் இரு தரப்பும் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் ஏதுமின்றி, கைகுலுக்கிய நம்பிக்கையிலேயே வருவாயைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஒரு குழு அமெரிக்காவில் அறுபதாயிரம் பேரைத் திரட்டியது எப்படி என்ற கேள்வி படம் முழுவதும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது; படமோ அதற்கு நேரடியாக விடை சொல்ல முற்படுவதே இல்லை.

இயக்கியவர்கள் டி. ஏ. பென்னிபேக்கர், அவருடைய துணைவியார் கிறிஸ் ஹெஜிடஸ், டேவிட் டாக்கின்ஸ் ஆகிய மூவர். பென்னிபேக்கரின் பெயரைக் கேட்டாலே ஆவணப்பட ஆர்வலர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தோளில் சுமந்து செல்லக்கூடிய 16 மி.மீ. கேமராவையும் அதனோடு ஒத்திசைந்து ஒலியைப் பதியும் கருவியையும் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிப் பயன்படுத்தியவர்களில் அவர் ஒருவர். பாப் டிலனின் 1965ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தையும், 1967இல் மான்டரேயில் நடந்த இசைவிழாவையும், டேவிட் போவி தன் ‘ஸிக்கி’ வேடத்துக்கு 1973இல் விடை கொடுத்த மேடையையும் படமாக்கியவர். விளக்கக் குரல் கிடையாது, வல்லுநர் கருத்து கிடையாது. எதையும் மறுபடி நடித்துக் காட்டச் சொல்வதும் கிடையாது. நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே அவருடைய வழி. மான்டரே படத்தில் ஜானிஸ் ஜாப்ளின் பாடும்போது, பார்வையாளர் வரிசையில் இருந்த இன்னொரு பாடகி காஸ் எலியட் வாயைப் பிளந்து வியப்பதை அவர் கேமரா பிடித்துவைத்திருக்கிறது. பாடுகிறவரை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறாரோ அதே கவனத்தோடு கேட்கிறவரையும் பார்க்கிற பழக்கம் அவருக்கு அப்போதே இருந்தது. ‘101’ படத்தில் அந்தப் பழக்கம் ஒரு முழுத் திட்டமாகவே வளர்ந்துவிட்டது.

திட்டம் எளிமையானது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், படத்தில் இடம்பெறுவதே பரிசு என்று ஒரு நடனப் போட்டி வைத்து, இளம் ரசிகர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை ஒரு பேருந்தில் ஏற்றி, அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து பாசடீனாவுக்குப் பயணப்படச் செய்தார்கள். இன்னொரு பக்கம் குழு தன் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் ஊர் ஊராக மேடை ஏறிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு பயணங்களையும் மாறி மாறிக் காட்டி, இரண்டும் ரோஸ் பவுலில் சங்கமிப்பதே படம். 1987 அக்டோபரில் மாட்ரிட் நகரில் தொடங்கிய சுற்றுப்பயணத்தின் நூற்றொன்றாவது கச்சேரி அது. தலைப்பைப் பரிந்துரைத்தவர் வைல்டர் என்பார்கள். கலிஃபோர்னியாவில் புகழ்பெற்ற நெடுஞ்சாலை ஒன்றுக்கும் அதே எண் இருப்பது தற்செயல்தான் என்றாலும், பாதி நேரம் சாலையிலேயே கழியும் படத்துக்கு அது நன்றாகப் பொருந்திவிட்டது.

பேருந்துப் பகுதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தை விரும்பாதவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதிகளைத்தான் குறை சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பேசுவதில் பெரிய சாரம் எதுவும் இல்லை என்பது உண்மை. முடியை வெளுக்க வைக்கிறார்கள், அதைத் தூக்கி நிறுத்தப் பசை தடவுகிறார்கள், குடிக்கிறார்கள், தூங்கி வழிகிறார்கள், அற்ப விஷயத்துக்குச் சண்டை போட்டுச் சற்று நேரத்தில் சமாதானமாகிறார்கள். லாரி ஓட்டுநர்கள் சாப்பிடும் நெடுஞ்சாலைக் கடைகளில் இவர்களுடைய கறுப்பு உடையையும் தலையையும் பார்த்து மற்றவர்கள் ஒரு கணம் கரண்டியை நிறுத்துவதுபோல் எனக்குத் தோன்றியது. ஒருவேளை அது என் கற்பனையாகவும் இருக்கலாம். குழுவின் இசை ஏன் பிடிக்கிறது என்று இவர்களில் எவரும் கோவையாகச் சொல்வதில்லை. முதல் முறை பார்த்தபோது இந்த இடங்களில் எனக்கும் பொறுமை குறைந்தது. எப்போது மேடைக்குப் போவார்கள் என்று காத்திருந்தேன்.

இப்போது பார்க்கையில் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஒரு பாடல் ஏன் பிடிக்கிறது என்று பதினெட்டு வயதில் யாரால் விளக்க முடியும்? தமிழில் நாம் பயன்படுத்தும் ‘ரசிகர்’ என்ற சொல் சுவையை அறிபவர் என்று பொருள்படும். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் சொல்லோ வெறிபிடித்தவர் என்ற பொருளிலிருந்து சுருங்கி வந்தது. பேருந்தில் இருக்கும் பிள்ளைகள் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறார்கள். அவர்கள் இசையைப் பற்றிப் பேசுவதைவிட அதை உடுத்திக்கொள்கிறார்கள். ஒருவர் தலையை இன்னொருவர் அலங்கரித்துவிடும்போது அவர்களுக்குள் ஒரு சிறு குலம் உருவாவதை, ஒரு சொல்கூடச் சேர்க்காமல் கேமரா காட்டிவிடுகிறது. முன்பின் தெரியாத இளைஞர்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்து அவர்களுடைய அன்றாடத்தைப் படம்பிடிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் 1990களில் பெருகியபோது, அவற்றுக்கு இந்தப் பேருந்தே முன்னோடி என்று பலர் எழுதினார்கள். அந்த ஒப்பீட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நிகழ்ச்சிகளில் இருக்கும் சூழ்ச்சியும், போட்டியும், கண்ணீரைக் கறக்கும் இசையும் இங்கே இல்லை. கேமரா இருப்பதை அறிந்து அந்தப் பிள்ளைகள் சில நேரம் நடிக்கவும் செய்கிறார்கள். அந்த நடிப்பையும் பென்னிபேக்கர் மறைக்கவில்லை.

குழுவினரைக் காட்டும் பகுதிகளிலும் இதே அணுகுமுறைதான். நால்வரில் யார் என்ன செய்கிறார்கள் என்பதை ஃபிளெட்சரே ஓரிடத்தில் சொல்லிவிடுகிறார்: பாட்டு எழுதுவது மார்ட்டின், நல்ல இசைக்கலைஞர் ஆலன், பாடுவது டேவ், தான் சும்மா சுற்றிக்கொண்டிருப்பவன். இந்த வரியை அவருடைய எதிர்ப்பாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்கு எதிராகவே பயன்படுத்திவந்தார்கள். படத்தில் அதைக் கேட்கும்போது அது ஒரு வாக்குமூலம்போல் ஒலிக்கவில்லை. தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்த ஒருவரின் நிதானம்தான் அதில் இருக்கிறது. குழுவின் கணக்கு வழக்குகளையும் நிர்வாகத்தையும் கவனித்துக்கொண்டு, நால்வரையும் ஒரே கூரையின் கீழ் கட்டிவைத்திருந்தவர் அவர்தான் என்பது பின்னாளில் மற்றவர்கள் சொல்லித் தெரிய வந்தது. 2022 மே மாதம் அவர் இறந்த பிறகு இந்தக் காட்சியைப் பார்ப்பது முன்புபோல் இல்லை.

வைல்டரின் காட்சி வேறு வகை. விசைப்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, எந்தக் கட்டையில் எந்த ஒலியை ஏற்றிவைத்திருக்கிறார் என்பதை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டுகிறார். பியானோ, வயலின் என்று பழகிய ஒலிகளை எதிர்பார்த்துக் கேட்கிறவருக்கு, பதிவுசெய்து துண்டாக்கிய ஓசைகள் ஒரு பாட்டாகக் கூடிவருவது வியப்பாக இருக்கும். மேடையில் இவர்கள் உண்மையிலேயே வாசிக்கிறார்களா என்ற கேள்வி அக்காலத்தில் மின்னணு இசைக்குழுக்கள் எல்லாவற்றையும் துரத்தியது. தாளப் பகுதிகள் நாடாவிலிருந்து ஒலிக்க, அதன் மேல் மூவரும் விசைப்பலகைகளை வாசிப்பதே டெபெஷ் மோட் குழுவின் முறை. அதை அவர்கள் ஒளித்ததும் இல்லை. படமும் அதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனியில் எதையும் சொல்லாமல், வேலை எப்படி நடக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டு நகர்கிறது. கச்சேரி நுட்பத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்காகவே இந்த வட்டை வாங்கலாம் என்பேன்.

மார்ட்டின் கோர், நாஷ்வில் நகரில் ஒரு கடைக்குப் போய், நாட்டுப்புறப் பாணி அமெரிக்கப் பாடல்களின் ஒலிநாடாக்களை வாங்கிக் குவிக்கிறார். மின்னணு இசையின் பிரதிநிதி என்று பெயர் வாங்கியவர், கிட்டார் வாத்தியத்தோடு துயரத்தைப் பாடும் பழைய பாடகர்களைத் தேடிப் போகிறார் என்பதற்குப் படம் எந்த அழுத்தமும் கொடுப்பதில்லை. இரண்டே ஆண்டுகளில் கிட்டாரும் நாட்டுப்புற வாசனையும் அவருடைய பாடல்களுக்குள் வெளிப்படையாக நுழைந்ததை அறிந்தவர்கள் மட்டும் அந்தக் காட்சியைப் பார்த்துப் புன்னகைத்துக்கொள்ளலாம்.

டேவ் கஹான் பேசும் இடங்களே என்னை மிகவும் தொந்தரவு செய்தன. வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரோடு நடந்த கைகலப்பைப் பற்றி அவர் சொல்வதில் பெருமையும் வெட்கமும் கலந்திருக்கின்றன. பல்பொருள் அங்காடியில் அலமாரிகளில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், இப்போது சம்பாதிப்பதில் ஒரு துளிகூடக் கிடைக்காவிட்டாலும், அதிகம் சிரித்துக்கொண்டிருந்தோம் என்ற பொருளில் அவர் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் போதை மருந்து அவரை மரணத்தின் விளிம்புவரை கொண்டுபோனதை அறிந்து பார்க்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு ஒரு முன்னறிவிப்புபோல் ஒலிக்கும். படம் எடுத்தவர்களுக்கு அது தெரியாது. அதனால்தான் எந்தச் சோக இசையும் சேர்க்காமல், ஒரு சாதாரண அலுப்பாக அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கச்சேரி முடிந்து கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பாடகனுடைய களைப்பை இவ்வளவு அருகிலிருந்து காட்டிய படங்கள் குறைவு.

இனி ரோஸ் பவுல். 1922இல் அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டப்பட்ட மாபெரும் திறந்தவெளி மைதானம் அது. டெபெஷ் மோட் குழுவின் ஒரு பாடல்கூட அதுவரை அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்ததில்லை. ‘பீப்பிள் ஆர் பீப்பிள்’ என்ற பாட்டு 1985இல் பதின்மூன்றாம் இடத்தைத் தொட்டதே அதிகபட்சம். அந்தச் சுற்றுப்பயணத்துக்குக் காரணமான ‘மியூசிக் ஃபார் த மாசஸ்’ தொகுப்புக்கு, பெருந்திரளுக்கான இசை என்று கேலியாகத்தான் பெயர் வைத்திருந்தார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் கே-ராக் போன்ற வானொலி நிலையங்கள் இவர்களுடைய பாடல்களை ஓயாமல் ஒலிபரப்பியதால் அங்கு மட்டும் ரசிகர் கூட்டம் பெருகியிருந்தது. அந்த நம்பிக்கையில் மைதானத்தைப் பிடித்தது ஒரு சூதாட்டமே. வயர், தாமஸ் டால்பி, ஓஎம்டி ஆகியோர் முதலில் மேடையேறினார்கள். படத்தில் அவர்களுக்கு இடம் இல்லாததில் எனக்கு வருத்தமே.

நான்கு பேர், மூன்று விசைப்பலகைகள். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு மைதானத்தை எப்படிப் படமாக்குவது? கிட்டார் கலைஞன் ஓடலாம், குதிக்கலாம். விசைப்பலகைக்குப் பின்னால் நிற்பவரால் முடியாது. மூவரையும் உயரமான மேடைகளில் பின்னால் நிறுத்திவிட்டு, முன்னால் உள்ள பரப்பு முழுவதையும் கஹானுக்கு விட்டுவிட்டார்கள். வெள்ளை உடையில் அவர் சுழல்வதும், ஒலிவாங்கித் தண்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், இடுப்பை அசைப்பதும் அந்த முழு வெளியையும் நிரப்ப வேண்டியிருந்தது. பென்னிபேக்கரின் ஆட்கள் அகலமான கோணங்களை விட்டுவிட்டு அவருடைய முதுகுக்குப் பின்னால், வியர்வை தெரியும் நெருக்கத்தில் நிற்கிறார்கள். இதனால் மேடையின் முழு வடிவம் சில நேரம் பிடிபடாமல் போகிறது; ஆனால் அவர் எதைப் பார்த்துப் பாடுகிறாரோ அதை நாமும் பார்க்கிறோம். இருட்டுக்குள் முடிவே இல்லாமல் பரந்துகிடக்கும் மனிதத் தலைகள்.

‘நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்’ பாட்டின் இறுதிப் பகுதியில் கஹான் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி இடமும் வலமுமாக வீசுகிறார். முதலில் முன்வரிசை, பிறகு அடுத்த வரிசை, பிறகு சாய்வான இருக்கைகளின் உச்சிவரை, அறுபதாயிரம் பேரின் கைகளும் அதே வீச்சில் அசையத் தொடங்குகின்றன. விளைந்த கதிர் வயலின் மேல் காற்று ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியின் அழகை விளக்கத் தேவையில்லை. இந்தக் குழுவின் கச்சேரி உலகின் எந்த மூலையில் நடந்தாலும் இந்தப் பாட்டுக்கு இந்தக் கையசைவு இன்றுவரை தொடர்கிறது. அது ஒரு சடங்காகிவிட்டது. அதை நூற்றுக்கணக்கான காணொளிகளில் பார்த்திருந்தாலும், இந்தப் படத்தில் பார்க்கும்போது கிடைக்கும் உணர்வு தனி. அங்கே யாரும் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம். எல்லாருக்கும் இரண்டு கைகளும் காலியாக இருந்தன.

இதற்கு அடுத்தபடியாக நான் சொல்ல நினைப்பது ‘எவ்ரிதிங் கவுண்ட்ஸ்’ பாட்டு. 1983இல் வெளியான அந்தப் பாடல் வணிக உலகின் பேராசையைப் பற்றியது. அள்ளிக்கொள்ளும் கைகளைப் பற்றிய பல்லவி கொண்டது. கச்சேரியின் இறுதிப் பாடலாக அதைப் பாடும்போது, சட்டைகள் விற்பதையும் பணம் எண்ணுவதையும் படம் அதோடு சேர்த்து வைக்கிறது. பேராசையைக் கண்டித்து மேடையில் ஒரு பாட்டு, அதை உயிரைக் கொடுத்துக் கூடச் சேர்ந்து பாடும் மக்கள், அதே மக்களின் பணத்தைக் கட்டுக்கட்டாக அடுக்கும் விரல்கள். வேறோர் இயக்குநர் கையில் இது மலிவான ஏளனமாக முடிந்திருக்கும். இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம், பணத்தை எண்ணுகிறவரிடமும் பாடுகிறவரிடமும் கேமரா ஒரே அளவு பரிவோடு இருப்பதுதான். ரசிகர்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்று அது சொல்லவில்லை. அவர்களுடைய அன்பு பணத்துக்கு அப்பாற்பட்டது என்று பூசி மெழுகவும் இல்லை. குழு பாடுவதை நிறுத்திய பிறகும் மைதானம் அந்தப் பல்லவியைத் தானாகவே பாடிக்கொண்டிருக்கிறது, கஹான் கைகளால் தாளம் காட்டியபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கணத்தில் அந்தப் பாட்டு யாருடையது என்று கேட்டால் எனக்கு விடை தெரியவில்லை.

குறைகளும் உண்டு. இசைக்காக மட்டும் வருகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். பல பாடல்கள் பாதியில் வெட்டப்பட்டு, பேருந்துக்கோ விடுதி அறைக்கோ தாவிவிடுகின்றன. எந்த ஊரில் இருக்கிறோம், எந்த நாள் என்பதைப் பல இடங்களில் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வைல்டருக்கும் கோருக்கும் இடையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடக்கும் உண்மையான உழைப்பைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடிவதில்லை. எனக்குப் பெரிதாகப் பட்ட குறை வேறு: இதே சுற்றுப்பயணத்தில், 1988 மார்ச் 7 அன்று, பெர்லின் சுவர் இடிவதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பே, இந்தக் குழு கிழக்கு பெர்லினில் பாடியது. அரசு சார்ந்த இளைஞர் அமைப்பின் பிறந்தநாள் விழா என்ற பெயரில் நடந்த அந்தக் கச்சேரிக்கு, நுழைவுச்சீட்டு கிடைக்காதவர்கள் பட்ட பாட்டை அந்த ஊர் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். அமெரிக்கப் பேருந்துக்குப் பதிலாக ஒரு கேமரா அங்கே இருந்திருந்தால், பக்தி என்ற சொல்லுக்கு வேறொரு கனம் கிடைத்திருக்கும். படமெடுத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் வேலையைத் தொடங்கியது அமெரிக்காவில்தான். இருந்தாலும் முழுப் பயணத்தின் எண்ணைத் தலைப்பாக வைத்துக்கொண்டு அதன் ஒரு துண்டை மட்டும் காட்டுகிறது படம் என்பதை வாங்குபவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

புதுப்பித்த பதிப்பைப் பொறுத்தவரை, 16 மி.மீ. சுருளின் மணல்போன்ற துகள்களை அழித்துவிடாமல் விட்டிருக்கிறார்கள். அது சரியான முடிவு. பழைய டிவிடியில் சேறாகக் கலங்கித் தெரிந்த இரவுக் காட்சிகளில் இப்போது கூட்டத்தின் ஆழம் தெரிகிறது. பேருந்துக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் முகங்களின் தோல் நிறம் இயல்பாக இருக்கிறது. முன்பு மங்கலான வெள்ளைப் புள்ளியாக இருந்த கஹானின் சட்டையில் இப்போது மடிப்புகளைக் காணலாம். பாடல்களின் ஒலி தெளிவாக இருக்கிறது. உரையாடல்களோ, அந்தந்த இடத்தில் கையில் ஏந்திய கருவியில் பதிவானவை என்பதால், எவ்வளவு துடைத்தாலும் சில வரிகள் இரைச்சலுக்குள்தான் கிடக்கின்றன. எசெக்ஸ் வட்டாரத்து ஆங்கிலம் பழகாத காதுகளுக்கு அது மேலும் கடினம். தடித்த பெட்டியும் படப் புத்தகமும் கொண்ட பதிப்புக்குச் சொல்லப்படும் விலை, சேகரிப்பவர்களை நினைத்து வைத்த விலை. பாடல்களை மட்டும் விரும்புகிறவர்களுக்கு 1989இல் வெளியான இரட்டை இசைத்தொகுப்பே போதும்.

ரசிகர்களைப் பின்தொடரும் இந்த முறையை இந்தக் குழு மீண்டும் ஒருமுறை கையாண்டது. 2018 ஜூலையில் பெர்லினின் வால்ட்பூனே திறந்தவெளி அரங்கில் நடந்த கச்சேரிகளை வைத்து, நெடுங்காலமாக இவர்களுடைய நிழற்படங்களையும் காணொளிகளையும் உருவாக்கிவரும் அன்டன் கோர்பைன் இயக்கிய ‘ஸ்பிரிட்ஸ் இன் த ஃபாரெஸ்ட்’ 2019இல் திரையரங்குகளுக்கு வந்தது. உலகின் வெவ்வேறு மூலைகளைச் சேர்ந்த ஆறு ரசிகர்களின் வாழ்க்கைக் கதைகள் அதில் உள்ளன. மங்கோலியாவில் வளர்ந்த ஓர் இளம்பெண், விபத்தில் நினைவை இழந்தும் இந்தக் குழுவின் பாடல்களை மறக்காத ஒரு பிரெஞ்சுப் பெண், தன் பிள்ளைகளோடு வீட்டுச் சாமான்களைத் தட்டி இந்தப் பாடல்களை வாசிக்கும் ஒரு கொலம்பியத் தந்தை. ஒவ்வொரு கதையும் மனத்தைத் தொடுகிறது. கோர்பைனின் கண்ணுக்கு ஒவ்வொரு சட்டகமும் ஓவியம்போல் அமைகிறது. ஆனால் அந்த ரசிகர்கள் நோயையும் இழப்பையும் வென்றதாலேயே படத்துக்குள் வந்தவர்கள். அவர்களுடைய அன்புக்குத் துயரம் ஒரு சான்றிதழ்போல் ஆகிவிடுகிறது. ‘101’ படத்தின் பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. நன்றாக ஆடினார்கள், துணிச்சலாக உடுத்தினார்கள், பேருந்தில் ஏறினார்கள். இரண்டில் எது நேர்மையானது என்று கேட்டால், ‘101’ என்று தயங்காமல் சொல்வேன். எது அழவைக்கும் என்று கேட்டால், கோர்பைனின் படம்.

இந்த வரிசையில் ஜெரெமி டெல்லர், நிக்கொலஸ் ஆப்ரகாம்ஸ் ஆகியோர் எடுத்த ஆவணப்படமும் ஒன்று உண்டு; அதில் குழுவைவிட ரசிகர்களே மையம். ரஷ்யாவில் மே 9, இரண்டாம் உலகப் போர் வெற்றியைக் கொண்டாடும் நாள். அது கஹானின் பிறந்தநாளும்கூட. அந்த நாளில் இராணுவ அணிவகுப்பு ஒரு பக்கம் போக, இன்னொரு பக்கம் கறுப்பு உடை அணிந்த இளைஞர்கள் அவர் படத்தை ஏந்தித் தெருவில் பாடிக்கொண்டு போகும் காட்சி அந்தப் படத்தில் இருக்கிறது. பாசில்டனில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு இதெல்லாம் எப்படி நேர்ந்தது என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

பென்னிபேக்கர் 2019 ஆகஸ்ட் முதல் தேதி, 94ஆம் வயதில் மறைந்தார். ஃபிளெட்சரும் போன பிறகு, வைல்டர் 1995இலேயே விலகிவிட்ட நிலையில், கோரும் கஹானும் மட்டும் இன்று குழுவாக மேடையேறுகிறார்கள். 2023இல் மெக்சிகோ நகரில் அவர்கள் பாடிய கச்சேரிகளும் ஒரு படமாகியிருக்கின்றன. அதை இன்னும் நான் பார்க்கவில்லை. ‘101’ வட்டை வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: பேருந்துக் காட்சிகள் சலிப்பாக இருக்கிறது என்று ஓட்டிவிடாதீர்கள். மைதானத்தில் கைகள் அசையும்போது, கூட்டத்துக்குள் எங்கேயோ அந்தப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூவாயிரம் மைல் பாதையில் அவர்களோடு சேர்ந்து நீங்களும் சலித்திருந்தால்தான், அந்தத் தலைகளுக்கு நடுவில் அவர்களைத் தேடத் தோன்றும்.